அடுப்பில்லாமல் பொங்க வைத்த புஸ்ஸு டீச்சர்

அடுப்பு இல்லாமல், விறகு இல்லாமல், பானைகூட இல்லாமல் பொங்கல் பொங்க வைத்த மனுஷி இந்தப் பூலோகத்தில் ஒருத்தர்தான் உண்டு. அவர் குமணன்சாவடி புஸ்ஸு டீச்சர். தை மாதம்தான் என்றில்லை. ஆடியிலும் பொங்கும், ஐப்பசி மழையிலும் பொங்கும். அந்தச் சந்து வழியாகப் போகிறவர்கள், பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்குள்ளே இருந்து "பொங்கலோ பொங்கல்!" என்று கூரை பறக்கிற மாதிரி சத்தம் கேட்டு, காலண்டரைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டோமோ என்று திகைத்து நிற்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் அவசரமாகக் கரும்பு வாங்க ஆள் அனுப்பியதாகவும் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் டீச்சர் விஷயத்தில் கூட்டிச் சொல்ல அவர் நமக்குப் பெரிதாக இடம் வைப்பதில்லை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. காட்டுப்பாக்கத்தில் ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். காலையில் முருகனுக்கு விளக்கேற்றி, நெற்றி நிறைய விபூதி பூசிய பிறகுதான் மில்லின் சுவிட்சில் கை வைப்பேன். சயின்ஸுக்கும் எனக்கும் இருந்த உறவு, பத்தாவது பரீட்சையில் அது என்னைக் கைவிட்டதோடு முடிந்தது. அப்படிப்பட்டவன் ஒரு சயின்ஸ் டீச்சரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், காரணம் என் மகள் வள்ளி.

வள்ளிக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்கு என்ன என்று டாக்டர்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் நீளநீளமானவை. நாங்கள் சுருக்கமாக வள்ளி என்றே கூப்பிடுகிறோம். கை இரண்டையும் முஷ்டியாக மடக்கித் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பசி என்று அழுததில்லை. போதும் என்று தட்டைத் தள்ளியதில்லை. ஊட்டினால் சாப்பிடுவாள், நிறுத்தினால் சும்மா இருப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும், "இது வேணும் அது வேணும்னு பசங்க உயிர வாங்குதுங்க" என்று அலுத்துக்கொள்வார்கள். நானும் என் வீட்டம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் உயிரை வாங்க ஆள் இல்லை. கோயிலில்கூட அவள் கையை நான்தான் பிடித்துக் கூப்ப வைப்பேன். நான் முருகனிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இவள் நடக்கட்டும், ஓடட்டும் என்றெல்லாம் இல்லை. ஒரு தடவையாவது, எதையாவது, தானாகக் கேட்கட்டும் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் குமணன்சாவடியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருப்பது தெரிந்து, வள்ளியை அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் ஒரு அம்மாள் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். முன்னால் இரண்டு பக்கெட். பின்னால் ஐஸ் பெட்டி. தோளில் சைக்கிள் டியூப். ஆள் நல்ல ஆகிருதி. சேலைக்கு மேல் ஒரு ஏப்ரன் கட்டியிருந்தார். கல்யாண பேனர் ஒன்றை வெட்டித் தைத்த ஏப்ரன் அது. வயிற்றுப் பக்கம் மாப்பிள்ளையின் பாதி முகமும், இடுப்பில் "வருக வருக"வும் இருந்தன. மீன் வண்டியோ, ஐஸ் வண்டியோ என்று நினைத்து, "ஏம்மா, இங்க டீச்சர் யாரு?" என்று கேட்டேன்.

"நாந்தான். இந்த பக்கெட்ட புடி நைனா. சிந்தாம. உள்ள நொர கீது."

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவனுக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது. நான் நுரை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வகுப்பறையில் பெஞ்சு கிடையாது, கரும்பலகை கிடையாது. தரையில் பாய். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி, மணல், டார்ச் லைட், கொட்டாங்கச்சி, காந்தம், ஒரு பெரிய டேபிள் ஃபேன். ஏதோ பாத்திரக்கடையும் எலக்ட்ரிக் கடையும் மோதிக்கொண்ட இடம் மாதிரி இருந்தது.

"என்ன பாடம் நடத்துவீங்க டீச்சர்?" என்றேன்.

"பாடமெல்லாம் கெடையாது. நனைவோம். உருகும், பொங்கும், பறக்கும், மெதக்கும். அதுங்க பாத்துக்கும்."

சொல்லிக்கொண்டே வள்ளியின் முன்னால் ஒரு ஐஸ் கட்டியை வைத்தார். நான் வழக்கம்போல வள்ளியின் கையைப் பிடித்து, "தொடும்மா, ஜில்லுனு இருக்கும் பாரு" என்று இழுத்தேன்.

"இன்னா பண்ற நீ?"

"தொட்டுக் காட்றேன் டீச்சர்."

"யாரு தொடறது? நீயா, அவளா? அவ கைய உடு. கைய உடு நைனா!"

நான் விட்டேன். அரை நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. என் கை தானாக மறுபடி போனது. டீச்சர் எழுந்து போய், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் கொடுத்தார். தளும்பத் தளும்ப.

"புடிச்சிகினு நில்லு. ஒரு சொட்டு கீழ உய்ந்தா நீதான் தொடைக்கணும்."

அப்போதுதான் கவனித்தேன். சுவர் ஓரமாக நாலைந்து அம்மாக்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தளும்புகிற கிண்ணம். திருவிழாவில் பால்குடம் எடுக்கிறவர்கள் மாதிரி மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். நான் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தேன்.

பக்கத்தில் நின்ற, ஜெனி என்ற பிள்ளையின் அம்மா வாயை மட்டும் திறந்து, "புதுசா? ரெண்டு வாரத்துல கை மரத்துப் போயிடும், அப்பால ஒண்ணும் தெரியாது" என்று ஆறுதல் சொன்னார்.

பெற்றவர்களுக்கு டீச்சர் கண்டுபிடித்த வைத்தியம் அது. நம் ஊரில் பிள்ளை கையைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிற நாளிலிருந்து, பெற்றவர்கள் அந்தக் கையை விடுவதே இல்லை. டீச்சர் அதைத் திட்டித் திருத்தப் பார்த்தாராம். முடியவில்லை. அதனால் பெற்றவர்களின் கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்.

புஸ்ஸு டீச்சர் என்று அவருக்குப் பெயர் வைத்தது பூந்தமல்லி மளிகைக்கடை பாய். டீச்சர் அவர் கடைக்குப் போனால் வினிகரும் ஆப்பசோடாவும்தான் வாங்குவார். அதையும் மற்றவர்கள் அரிசி வாங்குகிற கணக்கில் வாங்குவார். பாய்க்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒருநாள் நான் மில்லுக்குச் சாக்கு வாங்கப் போனபோது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மில்லுகாரரே, அந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமாமே. தப்பா நெனச்சிக்காதீங்க. ஏதாவது காய்ச்சுதா?"

"ஐயோ பாய், அவங்க டீச்சர்."

"டீச்சர் எதுக்கு இவ்ளோ வினிகரு? புள்ளைங்கள ஊறுகா போடுதா?"

பின்னாலேயே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. டீச்சர் கோபப்படவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலாம். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சொன்னா பிரியாது பாய். ஒரு டம்ளர் குடு, காட்டறேன்."

கல்லாப் பக்கத்தில் டம்ளரை வைத்தார். சோடா மாவைப் போட்டார். வினிகரைச் சாய்த்தார். புஸ்ஸ்ஸ் என்று நுரை கிளம்பி, டம்ளரைத் தாண்டி, தராசைத் தாண்டி, துவரம்பருப்பு மூட்டையின் அடிவாரம் வரைக்கும் போனது. கடையில் நின்ற அத்தனை பேரும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். பாய் தாடியில் ஒட்டிய நுரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "எம்மா, இன்னொரு தபா போடு" என்றார்.

டீச்சர் கையைத் தட்டி ஒரு குதி குதித்தார். "பாத்தியா நைனா! இதான்! இந்த ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாம்! இன்னொரு தபா!"

அன்றிலிருந்து பாய் கடையில் அவர் தலை தெரிந்தாலே, "டேய், புஸ்ஸு டீச்சர் வந்துட்டாங்க, அந்த கேன எடு" என்ற குரல் கேட்கும். அந்தப் பெயர் குமணன்சாவடி, காட்டுப்பாக்கம் என்று பரவிப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. நிஜப் பெயர் என்ன என்று நான் ஒருதரம் கேட்டேன். "பேர வச்சி இன்னா பண்ணப் போற, ரேஷன் கார்டா எடுக்கப் போற? கிண்ணத்த நேரா புடி" என்று விட்டார்.

இந்த "இன்னொரு தபா"தான் டீச்சருடைய சயின்ஸ் முழுவதும். ஒருதரம் பொங்க வைப்பார். பிள்ளைகள், ஆயா, கிண்ணம் பிடித்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்!" என்று கத்துவோம். கத்தி முடித்ததும் டீச்சர் அப்படியே நிறுத்திவிடுவார். சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். பிள்ளை கேட்டால்தான் அடுத்த பொங்கல். வாயால் கேட்க வேண்டும் என்பதில்லை. சலீம் என்ற பையன் தான் உட்கார்ந்திருக்கிற கோரைப்பாயைத் தட்டுவான். அதுதான் அவனுடைய "இன்னொரு தபா". ஜெனி நாக்கைச் சுழற்றுவாள். ஒரு பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டு முறைப்பான். ஒவ்வொன்றும் டீச்சருக்கு மனப்பாடம். வள்ளியுடைய "இன்னொரு தபா" எது என்றுதான் அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அவள் முஷ்டியைத் தாடைக்கு அடியில் வைத்தபடி சும்மா இருப்பாள். டீச்சரும் அவள் எதிரில் சும்மா இருப்பார். நான் கிண்ணத்தோடு நின்று முருகா முருகா என்று வேர்த்துக்கொண்டிருப்பேன்.

"ஒரு தபா குடுத்துடுங்களேன் டீச்சர், பாவம்" என்று கெஞ்சினால், "பாவமா? அவ யோசிச்சிகினு கீறா. நடுவுல பூராத" என்பார்.

மெட்ரோ வேலை நடந்த காலம் அது. பூந்தமல்லி ரோடு முழுக்கப் பள்ளம், புழுதி. தூண் போட இயந்திரம் பூமியைத் துளைக்கிற சத்தத்தில் பல் ஆடும். வியாபாரிகள், குடியிருப்பவர்கள் என்று எல்லாரும் போய்ச் சண்டை போட்டார்கள். டீச்சருக்கு மட்டும் புதையல் கிடைத்த மாதிரி. பிள்ளைகளைத் திண்டுக்கல் பூட்டுப் போட்ட பின்பக்கக் கேட் ஓரம் உட்கார வைத்து, ஆளுக்கொரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தார். இயந்திரம் இறங்கும்போதெல்லாம் தாம்பாளத்துத் தண்ணீரில் வட்டவட்டமாக அலை ஓடியது. வெறுங்காலைத் தரையில் வைத்திருந்த பிள்ளைகள் பாதத்தில் பூமி உறுமுவதை உணர்ந்து கூச்சலிட்டுச் சிரித்தார்கள். ஒரு நிமிஷம் அலை, ஒரு நிமிஷம் அமைதி. அடுத்தது எப்போது வரும் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நல்ல கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. டீச்சர் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஏப்ரனோடு பூட்டைத் திறந்து, கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். ஹெல்மெட் போட்ட இன்ஜினியர் ஒருவர் தயாராகக் கை கூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. சத்தம் தொந்தரவா இருக்குன்னு நெறைய பேரு சொல்றாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"யோவ், இன்னாத்துக்கு நிறுத்தின? புள்ளைங்க காத்துகினு கீதுங்க! போடுய்யா!"

அந்த மனிதர் தன் காதையே நம்பவில்லை. அந்த ரோட்டில் இயந்திரத்தை ஓட்டச் சொல்லி வந்த முதல் புகார் அது. "டீசல் ஊத்திட்டு இருக்கோம்மா" என்று தடுமாறினார். "ஜல்தியா ஊத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கப்புறம் அந்த இன்ஜினியர் இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் கேட் பக்கம் ஒரு விசில் கொடுப்பார். பிள்ளைகள் தாம்பாளத்தின் முன்னால் தயாராகிவிடுவார்கள்.

அன்றைக்கு வள்ளி தாம்பாளத்தைப் பார்த்தாள். என் வீட்டம்மாவிடம் சாயங்காலம் அதைச் சொன்னேன். "பாத்தாளா? மெய்யாலுமா?" என்று கேட்டவள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வந்த கால்வலியை மறந்து சமையலறைக்கு ஓடி, ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வள்ளி முன்னால் வைத்துத் தரையைக் காலால் உதைத்தாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தால் நான் எழுத வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேனேஜர் இருந்தார். கெட்டவர் என்று சொன்னால் முருகன் என்னை மன்னிக்க மாட்டார். சுத்தமானவர். அதுதான் பிரச்சினை. கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். டீச்சர் எங்கே போனாலும் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவார். கலர் ஐஸ் உருகி வராந்தா நீலமானது, சோளமாவுக் கரைசல் ஃபேனில் பட்டுச் சுவருக்கெல்லாம் புள்ளி வைத்தது, சோளம் பொரிகிற சத்தம் கேட்க மூடியைத் திறந்து வைத்ததில் பொரி பறந்து அவர் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்தது என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஆண்டு விழா நெருங்கியபோதுதான் வாய் திறந்தார்.

"டீச்சர், இந்த வருஷம் சீஃப் கெஸ்ட்டா வர்றவரு கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அத வைக்க உங்க சயின்ஸ் ரூமைத்தான் கேக்கறாங்க. தண்ணியும் கம்ப்யூட்டரும் ஒண்ணா இருக்க முடியாது."

"அப்போ கம்ப்யூட்டர வெளிய வையி சார்."

"வெளையாடாதீங்க. கமிட்டில கேக்கறாங்க, இத்தனை வினிகர் ஊத்தியும் பசங்க தானா என்ன செய்யுதுங்கன்னு. விழாவுல காட்டுங்க. பசங்க தானா கேக்கறத அவங்க கண்ணால பாத்தா ரூம் உங்களுது. இல்லைன்னா அடுத்த மாசத்துலேர்ந்து நிறுத்திக்கலாம்."

டீச்சர் யோசித்தார். "சரி சார். வள்ளிய முன்னாடி குந்த வைக்கறேன்."

எனக்குக் கிண்ணம் தளும்பி வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. சலீம் இருக்கிறான், பாயைத் தட்டுவான். ஜெனி இருக்கிறாள். போயும் போயும் இதுவரை கேட்காத என் பெண்ணையா?

"டீச்சர், அவளால மொத்த புள்ளைங்களுக்கும் போயிடப் போவுது. வேணாம்."

"நைனா, மத்ததுங்கல்லாம் கேட்டுடுச்சி. ரூமு போனா அதுங்க வேற எங்கயாவது கேட்டுக்கும். இவ இன்னும் கேக்கல. ரூமு போச்சின்னா இவ எங்க கேப்பா?"

மில்லுக்குப் போய்க் கோதுமைக்கு முன்னால் ஒருவருடைய மிளகாயை அரைத்து, மாவில் காரம் ஏறி, கோதுமைக்காரரிடம் திட்டு வாங்கினேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

விழா நாள் வந்தது. பந்தல், நாற்காலி, வாழைமரம் எல்லாம் கட்டியிருந்தார்கள். சீஃப் கெஸ்ட் வெளேர் என்ற பட்டுச் சட்டையில், கழுத்து நிறைய மாலையோடு வந்தார். செங்கல் வியாபாரம் செய்பவர், தாராள மனசுக்காரர். மேனேஜர் துணியோடு கூடவே வந்தார். பந்தலின் நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின். உள்ளே சோடா மாவு, மேலே கொஞ்சம் பீட்ரூட் சாறு. முன்னால் வள்ளி, முஷ்டி தாடைக்கு அடியில். பெற்றவர்கள் எல்லாரும் வழக்கப்படி ஓரமாகக் கிண்ணம் பிடித்து நின்றோம். விருந்தாளிகள் அது ஏதோ வரவேற்பு மரியாதை என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

டீச்சர் ஒரு டம்ளர் வினிகரைச் சாய்த்தார். இளஞ்சிவப்பு நுரை புஸ்ஸ்ஸ் என்று எழும்பியது. "பொங்கலோ பொங்கல்!" பந்தல் அதிர்ந்தது. பிறகு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நுரை மெல்ல அடங்கியது. சலீம் தட்டினான். ஜெனி நாக்கைச் சுழற்றினாள். டீச்சர் அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டி, கண்ணால் வள்ளியைக் காட்டினார். அந்தப் பிள்ளைகளும் நிறுத்திக்கொண்டார்கள்.

வள்ளி சும்மா இருந்தாள்.

பந்தலில் ஒருவர் இருமினார். ஃபோட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் கிண்ணத்தைப் பார்த்தேன். சீஃப் கெஸ்ட்டுக்குப் பாவம் மனசு கேட்கவில்லை. எழுந்து வந்து குனிந்து, "பாப்பா, இப்டி கைய நீட்டி ஊத்தும்மா, ஃபோட்டோ எடுப்பாங்க" என்று வள்ளியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐயா!" என்றார் டீச்சர். "இத்த கொஞ்சம் புடிங்க."

தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் எங்கள் கையில் இருந்தன. கைக்கு அகப்பட்டது, அடுத்த பொங்கலுக்காக விளிம்பு வரை வினிகர் ஊற்றி வைத்திருந்த பெரிய கிண்ணம். அதைத் தூக்கி அவர் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டார். பெரிய மனிதர், மாலையோடு, பேசினுக்கு மேலே குனிந்தபடி கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, சிந்திவிடப் போகிறதே என்ற பயத்தில் அசையாமல் நின்றார். மேனேஜர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஜெனியின் அம்மா தன் கிண்ணத்தை அவர் கையில் திணித்துவிட்டார். இப்போது அவரும் வரிசையில் நின்றார், துணி தோளில்.

"டீச்சர், எவ்ளோ நேரம்?" என்றார் சீஃப் கெஸ்ட், உதட்டை மட்டும் அசைத்து.

"அவ கேக்கற வரைக்கும்."

ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது. என் வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. அதனால்தான் பார்த்தேன். வள்ளியின் வலது முஷ்டி தாடையிலிருந்து இறங்கியது. நடுவழியில் நின்றது. திரும்பப் போய்விடுமோ என்று நினைத்தேன். போகவில்லை. நேராக நீண்டு, சீஃப் கெஸ்ட் ஏந்தியிருந்த கிண்ணத்தின் அடியில் ஒரு முட்டு முட்டியது.

கிண்ணம் கவிழ்ந்தது. பாதி பேசினில், பாதி பட்டுச் சட்டையில். புஸ்ஸ்ஸ்ஸ் என்று அதுவரை நான் பார்த்தே இராத ஒரு பொங்கல் எழும்பியது. நுரை பேசினைத் தாண்டி, ஜமுக்காளத்தைத் தாண்டி, பெரிய மனிதரின் சட்டையில் தெறித்து, செருப்பையும் தொட்டது. வள்ளி வாயைத் திறந்து சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

"கேட்டுட்டா! வள்ளி கேட்டுட்டா!" என்று டீச்சர் எழுந்து ஆடினார். வயிற்றில் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆடினான். "முட்டுதான்! முட்டுதான் இவளோட இன்னொரு தபா!" என் கையிலிருந்த கிண்ணம் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஓரமாக நின்றவர்களின் கிண்ணங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்தக் களேபரத்தில் "பொங்கலோ பொங்கல்!" என்று ஒரு கனத்த குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. திரும்பிப் பார்த்தால் மேனேஜர்.

சீஃப் கெஸ்ட் ரோஜா நிறமாகிவிட்ட தன் சட்டையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சரம்மா," என்றார், "கண்ண மூடிட்டேன், சரியா பாக்கல. பாப்பாவ இன்னொரு தபா கேக்கச் சொல்லுங்க."

வள்ளி கேட்டாள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாய் கடைக்கு ஆள் அனுப்பி வினிகர் வரவழைக்க வேண்டியதாயிற்று. கேன் வரும்போது கூடவே பாயும் கடையை விட்டுவிட்டு வந்துவிட்டார். ரூம் டீச்சருக்கே நின்றது. கம்ப்யூட்டர் மேனேஜர் அறைக்குப் போனது. அங்கே அது பத்திரமாக, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நிம்மதி போய்விட்டது. வள்ளி தோசைக்கு முட்டுகிறாள், ஃபேனுக்கு முட்டுகிறாள், அவள் அம்மா முதுகில் முட்டித் தலைவாரச் சொல்கிறாள். மில்லில் சுவிட்சைப் போட்டதும், "நிறுத்திட்டு மறுபடி போடு" என்று என் விலாவில் முட்டுகிறாள். மாவு அரைக்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். "இன்னாங்க, இவ உயிர வாங்கறா" என்று என் வீட்டம்மா அக்கம்பக்கத்தில் உரக்கச் சொல்லிக்கொள்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

விழா முடிந்த மறு கிருத்திகை அன்று வள்ளியை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அன்றைக்கு நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. என் கைக்கு வேலை வேண்டுமே என்று அர்ச்சனைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். தீபாராதனை ஆயிற்று. கற்பூரம் அணைந்தது. குருக்கள் திரும்பும்போது வள்ளி முஷ்டியை நீட்டி அவர் முழங்கையில் ஒரு முட்டு முட்டினாள்.

"என்னம்மா?" என்று திடுக்கிட்டார் குருக்கள்.

"இன்னொரு தபா காட்டச் சொல்றா சாமி" என்றேன்.

குருக்கள் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு கற்பூரம் ஏற்றினார். வெளிச்சத்தில் வேலும் மயிலும் மறுபடி தெரிந்தன. வள்ளி சத்தம் போட்டுச் சிரித்தாள். கோயிலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். வள்ளி பெயரைச் சொன்னேன், என் வீட்டம்மா பெயரைச் சொன்னேன். "இன்னொரு பேருக்கும் பண்ணணும் சாமி" என்றேன்.

"சொல்லுங்கோ."

டீச்சருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றும் தெரியாது. நான் கொடுக்கும் விபூதி, பாய் வீட்டு நோன்புக் கஞ்சி, ஜெனி அம்மா கொண்டுவரும் கேக் எல்லாவற்றையும் ஒரே ஆவலோடு வாங்கி, பிள்ளைகள் முன்னால் வைத்து, முதலில் மோந்து பார்க்கச் சொல்வார்.

"புஸ்ஸு டீச்சர்" என்றேன்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

குருக்கள் கொஞ்சம் தயங்கினார். "பேரே இப்படின்னா... சுவாமிக்கு ஆள் தெரியணுமோன்னோ?"

"நீங்க சொல்லுங்க சாமி," என்றேன். "அவனுக்குத் தெரியும்."